‘வைத்துக்கொள்’ என்ற ஒரு சொல்

அன்புள்ள நண்பனுக்கு,

இங்கே அனைவரும் நலம். அங்கேயும் அப்படியே என்று நம்புகிறேன். 14 மாதங்களாக ஒரு வரிகூட எழுதாதவன் திடீரென்று பக்கம் பக்கமாக எழுதுகிறான் என்றால் காரியம் இல்லாமல் இராது என்று நீ முணுமுணுப்பது காதில் விழுகிறது. காரியம்தான். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்: நான் கணக்கெழுதிய நம் பெரியவர் எனக்குக் கொடுத்த இரட்டைக்குழல் துப்பாக்கி இப்போது காவல் நிலையத்தில் இருக்கிறது, அது என்னுடையது அல்ல என்று அவருடைய மகன் மனுக் கொடுத்திருக்கிறார், அது கைமாறிய மாலையில் அந்தத் திண்ணையில் இருந்தவர்களில் பெரியவரும் நானும் போக மிச்சம் நீ ஒருவன்தான்.

பெரியவர் மே மாதம் காலமான செய்தி உனக்கு அப்போதே தெரிந்திருக்கும். நீ வரவில்லை என்பதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. (சொல்லிவிட்டேன், பார்.)

முதலிலிருந்து வருகிறேன். நம்மில் ஞாபகசாலி நீதான் என்றாலும், சட்டம் என்று வந்தால் உனக்குப் பள்ளி நாளிலிருந்தே தூக்கம் வரும். பெரியவரிடம் அப்போது மூன்று துப்பாக்கிகள் இருந்தன. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தை 2019 டிசம்பரில் திருத்தி, ஒருவர் இரண்டுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, கூடுதலாக இருப்பதை ஓராண்டுக்குள் ஒப்படைத்துவிட வேண்டும் என்று ஆக்கினார்கள். மூன்றில் ஒன்று போயாக வேண்டும். அரசாங்கத்திடம் கொடுத்துத் துருப்பிடிக்க விடுவதைவிடத் தெரிந்த ஒருவர் கையில் இருக்கட்டும் என்று அவர் எண்ணினார். பன்றி விரட்ட அப்பா காலத்து ஒற்றைக்குழல் ஒன்றுக்கு என்னிடம் ஏற்கெனவே உரிமம் இருந்தது. ஆகவே இன்னொன்றுக்கு இடமும் இருந்தது. சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி, யாருக்கு மாற்றித் தரப் போகிறோம் என்பதை முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்து 45 நாட்கள் காத்திருக்க வேண்டும். செப்டம்பரில் கடிதம் கொடுத்தார், நவம்பரில் துப்பாக்கியைக் கொடுத்தார், என் உரிமப் புத்தகத்தில் அதன் எண் ஏறியது. எல்லாம் முறைப்படி நடந்தது என்று நான் நான்கு ஆண்டுகளாக நிம்மதியாக உறங்கினேன்.

என் நிம்மதியைக் கெடுத்தது தேர்தல். உரிமத் துப்பாக்கிகளைத் தேர்தல் முடியும் வரை நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள் என்பது உனக்குத் தெரியும். 2021-இல் ஒப்படைத்தேன், என் பெயரில் ரசீது தந்தார்கள், முடிந்ததும் திருப்பித் தந்தார்கள். இந்த மார்ச்சிலும் அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆனால் இம்முறை இருந்த நிலைய எழுத்தர் புதியவர். அவர் 2019 நாடாளுமன்றத் தேர்தலின் பதிவேட்டைப் பார்த்துப் பட்டியல் தயாரித்திருந்தார். அதில் மூன்றும் பெரியவர் பெயரில் இருந்தன. எனவே ரசீதிலும் அவர் பெயரையே எழுதி, ஒப்படைத்தவர் என்ற இடத்தில் என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். நான் கண்ணாடி கொண்டுபோகவில்லை. படித்துப் பார்க்காமல் போட்டேன். “படிக்காமல் போடும் கையெழுத்து பல்லி வால்” என்று நம் கணக்கு வாத்தியார் சொன்னதை நினைத்து நீ இப்போது சிரிப்பாய். சிரித்துக்கொள்.

அதே வாரத்தில் பெரியவரின் மற்ற இரண்டும் அங்கே வந்து சேர்ந்தன. சட்டம் பிரித்துவைத்த மூன்றையும் தேர்தல் ஒரே மூலையில் சாய்த்துவைத்துவிட்டது.

ஜூனில் தேர்தல் முடிந்து எல்லோரும் தங்கள் துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு வீடு திரும்பினார்கள். நான் போனபோது ஆய்வாளர் உட்காரச் சொன்னார். உட்காரச் சொல்லும்போதே ஏதோ இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. வெளிநாட்டிலிருந்து வந்திருந்த மகன் மனுக் கொடுத்து, அதைப் பதிந்துகொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதும் வாங்கியிருந்தார். மனுவின் சாரம் இதுதான்: துப்பாக்கி அவருடைய தாத்தாவினுடையது, குடும்பச் சொத்து, மூன்றாவது துப்பாக்கி கூடாது என்று சட்டம் வந்ததால் தந்தை அதை என்னிடம் பத்திரமாக வைத்திருக்கக் கொடுத்தாரே தவிர, தானமாகக் கொடுக்கவில்லை. சான்றாக நிலையத்து ரசீதையே இணைத்திருந்தார். அதில்தான் உரிமையாளர் பெயர் பெரியவர் என்று கொட்டை எழுத்தில் இருக்கிறதே!

ஆய்வாளர் கெட்டவர் அல்லர். “இது சிவில் விவகாரம் சார், நீங்கள் இருவரும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்” என்றார். சரி, அப்படியானால் துப்பாக்கியைக் கொடுங்கள் என்றேன். “தீர்த்துக்கொண்டு வாருங்கள், தருகிறேன்” என்றார். சிவில் விவகாரம் என்றால் அவருக்கு அதில் வேலை இல்லை. அவருக்கு வேலை இருக்கிறது என்றால் அது சிவில் விவகாரம் இல்லை. இந்த நியாயத்தை நான் எடுத்துச் சொன்னபோது அவர் மறுக்கவில்லை, தலையைத்தான் ஆட்டினார். “நாளைக்கு இதை வைத்து உங்களுக்குள் ஏதாவது ஆனால் என் தலைதான் உருளும்” என்றார். அவர் நிலையில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன் என்று வீட்டுக்கு வந்த பிறகு தோன்றியது. அங்கே தோன்றவில்லை, அங்கே மேசையைத் தட்டிவிட்டேன். எனக்கு இருக்கும் இரத்த அழுத்தத்துக்கு அது தேவையா என்று வீட்டில் கேட்டார்கள்.

வழக்கறிஞரைப் பார்த்தேன். அவர் சொன்னதில் எனக்கு விளங்கியதை எழுதுகிறேன். போலீஸ் ஒரு பொருளைக் கைப்பற்றினால் அதை நீதித்துறை நடுவருக்குத் தெரிவித்தாக வேண்டும். அப்போது நாம் நடுவரிடம் மனுப் போட்டுத் திரும்பக் கேட்கலாம். தேர்தலுக்காக வாங்கி வைத்தார்கள் என்றால் தேர்தல் முடிந்ததும் திருப்பித் தர வேண்டும். என்னுடையதை அவர்கள் கைப்பற்றவும் இல்லை, திருப்பவும் இல்லை. திரிசங்குவாகத் தொங்குகிறது. ஆகவே வாய்ப்பேச்சை விட்டுவிட்டு, எந்தப் பிரிவின்கீழ் வைத்திருக்கிறீர்கள் என்று எழுத்தில் கேட்டு, நகலில் முத்திரை வாங்கு என்றார். வாங்கினேன். இந்த ஐந்து மாதத்தில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம் அதுதான், ஏனென்றால் அதற்குப் பிறகுதான் கோப்பு ஆட்சியர் அலுவலகத்துக்கு நகர்ந்தது.

தானத்தைப் பற்றிச் சட்டம் சொல்வது எனக்கு ஆறுதலாகவே இருந்தது. 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின்படி, கொடுப்பவர் மனமுவந்து, கைம்மாறு வாங்காமல் கொடுக்க வேண்டும். அவர் உயிரோடிருக்கும்போதே பெறுபவர் ஏற்றுக்கொள்ள வேண்டும். நிலம், வீடு என்றால் பத்திரப்பதிவு கட்டாயம். அசையும் பொருளுக்குக் கையில் எடுத்துக் கொடுப்பதே போதும். ஆனால் கையில் கொடுத்தார் என்பதை மகனும் ஒப்புக்கொள்கிறார், அதுதான் சிக்கல். எந்த எண்ணத்தில் கொடுத்தார் என்பதே கேள்வி. என் உரிமப் புத்தகத்தை நீட்டினால், நான் வைத்திருக்கலாம் என்பதற்குத்தான் இது சான்று, எனக்குச் சொந்தம் என்பதற்கு அல்ல என்கிறார்கள்.

இதிலுள்ள வேடிக்கையைப் பார். மகனுக்கு இங்கே ஆயுத உரிமம் இல்லை. ஆய்வாளரே எடுத்து நீட்டினாலும் அவர் அதைத் தொட முடியாது. உரிமமின்றி வைத்திருந்தால் திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 2 ஆண்டுச் சிறை. சொந்தம் கொண்டாடுகிறவர் தொட முடியாது. தொடலாம் என்று உரிமம் பெற்ற எனக்குச் சொந்தமா என்பது தெரியாது. சொந்தமும் கோராத, உரிமமும் கேட்காத ஆய்வாளரின் அறையில் அது நிற்கிறது.

மனுவில் இன்னொரு கூத்து. “12 மி.மீ. துப்பாக்கி” என்று எழுதியிருக்கிறார்கள். பன்னிரண்டு போர் (bore) என்ற குழல் அளவை யாரோ மில்லிமீட்டராக்கிவிட்டார்கள். ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால் அதில் ஒன்று பொருந்துகிற குழல் என்பதுதான் அதன் பொருள். விட்டம் ஏறத்தாழ 18.5 மி.மீ. வரும். “அப்படியானால் இல்லாத துப்பாக்கிக்கல்லவா மனுப் போட்டிருக்கிறார்கள்!” என்று என் வழக்கறிஞருக்கு ஒரே குதூகலம். எனக்கு அந்த வழியில் ஜெயிக்க விருப்பமில்லை என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

போன மாதம் எண்ணெயும் பழந்துணியும் எடுத்துக்கொண்டு நிலையத்துக்குப் போனேன். மழைக்காலம், அந்த அறையின் சுவரில் ஓதம் ஏறியிருக்கிறது. எழுத்தர், தன் முன்னிலையிலேயே என்றால் துடைத்துக்கொள்ளுங்கள் என்று பத்து நிமிடம் அனுமதித்தார். குழலில் சணல் கயிற்றால் கட்டிய அட்டையில் பெரியவரின் பெயர், மை கசிந்து. நெம்புகோலைத் தள்ளியதும் குழல்கள் இரண்டும் பழையபடியே தலை கவிழ்ந்தன. ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். வலது குழல் கண்ணாடி போல வளையம் வளையமாக ஒளிர்ந்தது. இடது குழலின் வாயருகே மிளகுத்தூள் தூவியது போலத் துரு. எண்ணெய்த் துணியை நான்கு முறை விட்டு இழுத்தேன். நான்காவது முறையும் துணி செம்பழுப்பாகவே வந்தது. பத்து நிமிடம் முடிந்துவிட்டது.

அன்றைக்கு மகனும் அங்கே வந்திருந்தார். உரசிக்கொள்ளாமல் வெளியே மரத்தடியில் நின்றோம். துப்பாக்கியின் கட்டையில் பதித்த வெள்ளித் தகடு உனக்கு நினைவிருக்கும், தாத்தாவின் பெயரின் முதலெழுத்துகள் பொறித்தது. நான் துடைத்தபோது அவர் வாசலில் நின்று அந்தத் தகட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பத்து வயதில் சுட்டு முடித்த வெற்றுத் தோட்டாக்களைப் பொறுக்கி வரும் வேலை தன்னுடையது என்றும், அந்தச் சூட்டையும் வாசனையையும் மறக்க முடியவில்லை என்றும், “அப்பா என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் சார்” என்றும் சொன்னார். அந்தக் கடைசி வாக்கியம் ஒரு வாரம் என்னைத் தூங்கவிடவில்லை. அவர் கோபம் என்மீது அல்ல. எனக்குத்தான் அதைத் தாங்கும்படி ஆகியிருக்கிறது. உரிமத்தை மகனுக்கு மாற்றித் தர விதியில் இடம் உண்டு. 70 வயது தாண்டிய உரிமதாரர், தானே குறிப்பிடும் வாரிசுக்கு உயிரோடிருக்கும்போதே மாற்றலாம். பெரியவருக்கு அப்போது 78. அப்படியிருந்தும் அவர் என் பெயரைத்தான் எழுதினார். என் வழக்கறிஞர் இதை நம் பக்கத்துப் பெரிய பலம் என்கிறார். அந்த மனிதர் முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தகட்டையாவது கழற்றிக் கொடுத்துவிடலாமா என்று கேட்டதற்கு, வழக்கிலிருக்கும் பொருளில் ஓர் ஆணியைக்கூடத் தொடாதே என்று வழக்கறிஞர் சீறினார்.

அப்படியானால் விட்டுத் தொலைக்க வேண்டியதுதானே என்று நீ கேட்பாய். நானும் என்னையே கேட்டுக்கொண்டேன். நான்கு ஆண்டில் வானத்தைப் பார்த்து இரண்டு தோட்டா சுட்டதைத் தவிர அதனால் எனக்கு ஒரு பயனும் இல்லை. ஆனால் மனுவில் “நம்பிக்கை மோசடி” என்ற ஒரு சொல் இருக்கிறது. 22 ஆண்டு அவருடைய கணக்குப் புத்தகங்களை எழுதியவன் நான். ஒரு நாளும் ஒரு புள்ளி பிசகியதில்லை. அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு என்னால் துப்பாக்கியைத் திருப்பித் தர முடியாது. சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொண்டால் துப்பாக்கியைத் தருவது பற்றி யோசிப்பேன்.

இப்போது உன்னிடம் வருகிறேன். பெரியவர் ஆட்சியருக்கு எழுதிய கடிதத்தின் நகலை எடுத்துப் பார்த்தோம். “இத்துப்பாக்கியை இவரிடம் ஒப்படைக்கிறேன். இனி இவரே வைத்துக்கொள்ளலாம்” என்று எழுதியிருக்கிறார். எங்கள் பக்கம் “இனி” என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறோம். அவர்கள் பக்கம் “ஒப்படைக்கிறேன்” என்பதைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள். நடுவில் நிற்கிறது இந்த “வைத்துக்கொள்”. உனக்கே என்று கொடுப்பவனும் வைத்துக்கொள் என்பான்; நான் வரும்வரை பார்த்துக்கொள் என்பவனும் வைத்துக்கொள் என்பான். அறுபது வருடமாக இந்த மொழியைப் பேசுகிறேன், இந்தச் சொல்லுக்குள் இப்படி ஒரு பள்ளம் இருப்பது எனக்குத் தெரியாமல் போயிற்று. கடிதத்தின் அடியில் சாட்சி என்ற இடத்தில் உன் கையெழுத்து. “இது கையெழுத்தா, கோழி கிளறியதா?” என்று ஆய்வாளர் கேட்டார். இரண்டும்தான் என்றேன்.

அந்த மாலை, கடிதத்தைத் தவிர, பெரியவர் துப்பாக்கியை நீட்டியபோது வாயாலும் ஒன்று சொன்னார். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு நினைவிருக்கிறது, இருப்பதாக நினைக்கிறேன். இந்த ஐந்து மாதத்தில் பலரிடம் பலமுறை சொல்லிச் சொல்லி, அவர் சொன்னது எது, நான் சேர்த்தது எது என்று எனக்கே ஐயம் வந்துவிட்டது. அதை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் உன் நினைவு என் பக்கம் சாய்ந்துவிடும்; உன் இளகிய மனம் எனக்குத் தெரியும். நான் எதுவும் சொல்லாத நிலையில், உனக்கு எது நினைவிருக்கிறதோ அதை அப்படியே எழுது. எனக்குப் பாதகமாக இருந்தாலும் எழுது. நினைவில்லை என்றால் நினைவில்லை என்றே எழுது.

அடுத்த மாதம் ஆட்சியர் அலுவலகத்தில் இரு தரப்பையும் விசாரிக்கிறார்கள். நேரில் வந்தால் நல்லது. முழங்கால் இடம் கொடுக்காவிட்டால் நோட்டரி முன்னால் பிரமாணப் பத்திரமாக எழுதிக் கையெழுத்திட்டுப் பதிவுத் தபாலில் அனுப்பு. போடும் முன் ஒருமுறை படித்துவிடு, என்னைப் போல் இராதே. கையெழுத்தை மட்டும் அன்றைக்குப் போட்டது போலவே போடு. திருத்தமாகப் போட்டால் நீதான் என்று இங்கே ஒருவரும் நம்ப மாட்டார்கள்.

என்றும் உன்,
கடைசி பெஞ்சுத் தோழன்