வகுப்பறைக்கு வெளியே ஒரு பேராசிரியர்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். கண் அறுவை சிகிச்சை முடிந்து ஒரு மாதமாகிறது. மீண்டும் படிக்க முடிகிறது. உங்கள் பேத்தி அரசியல் அறிவியல் முதுகலையில் சேர்ந்திருப்பது அறிந்து மிகவும் மகிழ்ந்தேன். பேராசிரியர் ஒருவர் அன்றாட அரசியலில் வெளிப்படையாகக் கருத்துச் சொன்னால் அது கல்விக்கு இழுக்காகாதா என்று அவள் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். அதைப் படித்ததும் அமெரிக்க அரசியல் அறிவியலாளர் சார்லஸ் ஹாமில்டன்தான் என் நினைவுக்கு வந்தார்.

சிகாகோவின் தெற்குப் பகுதியில் வளர்ந்த கறுப்பினத்தவர் அவர். 1958இல் அலபாமா மாநிலத்தின் டஸ்கீகியில் ஆசிரியரானார். அதற்கு முந்திய ஆண்டுதான் மாநிலச் சட்டமன்றம், சதுரமாக இருந்த அந்நகரின் எல்லையை 28 பக்கங்கள் கொண்ட விசித்திர வடிவமாக மாற்றி, ஏறக்குறைய 400 கறுப்பின வாக்காளர்களில் நான்கைந்து பேரைத் தவிர அனைவரையும் நகருக்கு வெளியே தள்ளியிருந்தது; வெள்ளையர் ஒருவர்கூட வெளியே போகவில்லை. யாரையும் அடிக்காமல், எந்த வீட்டையும் எரிக்காமல், வரைபடத்தில் இழுத்த ஒரு கோட்டினாலேயே அது நடந்தது. அவரது போராட்டக் குணத்தால் ஹாமில்டன் அங்கே இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நீடிக்க முடியவில்லை. ஆனால் அந்தக் கோடு அவர் மனத்தைவிட்டு அகலவே இல்லை என்று நினைக்கிறேன். 1967இல் கறுப்பின உரிமைப் போராளி ஸ்டோக்லி கார்மைக்கேலுடன் சேர்ந்து எழுதிய ‘பிளாக் பவர்’ (கறுப்பின அதிகாரம்) நூலில், அலபாமாவின் பர்மிங்காம் நகரத் தேவாலயத்தில் குண்டு வைத்து நான்கு சிறுமிகளைக் கொன்றதைத் தனிமனிதரின் இனவெறி என்றும், அதே நகரில் உணவும் மருத்துவமும் போதாமல் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான கறுப்பினக் குழந்தைகள் இறப்பதை நிறுவனங்களின் இனவெறி என்றும் பிரித்துக் காட்டினார்கள். முன்னதைக் கண்டு கொதிக்கும் ஊர், பின்னதைக் கவனிப்பதே இல்லை என்பதுதான் அவர்களின் வாதம்.

பின்னர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இருந்தபோது நியூயார்க்கைப் பற்றி அவர் எழுதியதைத்தான் உங்கள் பேத்தி முதலில் படிக்க வேண்டும். பழைய கட்சி அமைப்பில் வார்டின் கட்சிப் பொறுப்பாளர் வேலை வாங்கிக் கொடுத்தார், பதிலுக்கு வாக்குக் கேட்டார். அதில் ஊழல் இருந்தாலும், ஏழையின் வாக்குக்கு ஒரு விலை இருந்தது. 1960களின் வறுமை ஒழிப்புத் திட்டங்களோ மக்களிடம் எதையும் கேட்காமல் கொடுத்ததால், அவர்கள் பெறுநர்களாக மட்டுமே நின்றுவிட்டார்கள், வாக்காளர்களாகத் திரளவில்லை என்றார். நலத்திட்டங்களை ஆதரித்த ஒருவர் தம் தரப்பைப் பார்த்தே இதைச் சொன்னது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

எழுபதுகளில் அவர் ஜனநாயகக் கட்சியினரிடம், இனத்தை முன்னிறுத்தாமல், அனைவருக்கும் வேலை என்பது போன்ற பொதுக் கோரிக்கைகளை முன்வைக்கும்படி கூறினார். கறுப்பினத்தவர் முதலில் தனியே அணிதிரள வேண்டும் என்று 1967 நூலில் சொன்னதற்கு இது முரண் என்று நீங்கள் வாதிடக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதிகாரத்தை எவ்வாறு பெறுவது என்பதே இரண்டு காலத்திலும் அவர் கேட்ட கேள்வி.

2023 நவம்பரில் அவர் மறைந்தார். செய்தி சில மாதங்கள் கழித்தே வெளியே தெரிந்தது.

அடுத்த முறை வரும்போது பேத்தியையும் அழைத்து வாருங்கள். அந்த எல்லை மாற்றத்தை எதிர்த்த டஸ்கீகி வழக்கில் 1960இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின் பின்னிணைப்பில், பழைய சதுரமும் அதனுள்ளே புதிய எல்லையும் வரையப்பட்டுள்ளன. அந்தப் பக்கத்தை அவளுக்காக எடுத்து வைக்கிறேன்.

என்றும் அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்