அழுறவங்களப் பார்த்து விசுவாசம் இல்லையா எண்டு கேக்காதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு,

ஒவ்வொரு ஏப்ரலும் 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பப் பத்தி உங்க பேப்பர்ல போடுறீங்க, அதுக்கு நன்றி. ஆனா அந்த நேரம் நம்ம சனம் கதைக்கிற ஒரு கதை எனக்குத் தாங்க ஏலாம இருக்கு, அதான் எழுதுறன். பிள்ளையப் பறிகொடுத்த தாய்க்கிட்ட போய் "எல்லாம் ஆண்டவர்ட சித்தம், அழாதீங்க" எண்டு சொல்றது. நல்ல மனசோடதான் சொல்றாங்க, எண்டாலும் அது நெஞ்சில குத்துது.

எங்க ஒழுங்கையில ஒரு அக்கா அண்டைக்குக் கொச்சிக்கடை அந்தோனியார் கோயில்ல மகனப் பறிகொடுத்தவ. செவ்வாய்க்கிழமை நவநாளுக்கு இன்னும் போறா, முன்னுக்குப் போக மாட்டா, பாட்டும் பாட மாட்டா, மெழுகுதிரியக் கொளுத்தி அடிய உருக்கி சாயாம ஒட்ட வச்சிட்டு ஒரு பக்கமா நிண்டு அழுவா. ஒருநாள் யாரோ "இன்னும் அழுறீங்களா, விசுவாசம் இல்லையா" எண்டு கேட்டிட்டாங்க, அதுக்குப் பிறகு கொஞ்ச நாள் அவ கோயில் பக்கமே வரல்ல.

விசுவாசம் இல்லாதவ ஏன் அங்க வந்து நிக்கப் போறா? பைபிள்ல எல்லாத்தையும் இழந்த யோபுட கூட்டாளிமார் ஏழு நாள் அவரோட தரையில சும்மா இருந்தாங்க, அது வரைக்கும் சரி, வாயத் திறந்து காரணம் சொல்ல வெளிக்கிட்ட பிறகுதான் பிழைச்சது, கடைசியில கடவுள் கோவிச்சதும் அவங்களோடதான். இயேசுவே சிலுவையில "ஏன் என்னைக் கைவிட்டீர்" எண்டு கத்தினவர். உயிர்த்த பிறகும் தோமையாருக்குக் காட்டினது ஆணி அடிச்ச காயத்தத்தான். அண்டைக்கே குண்டு வெடிச்ச நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி கோயில்ல ரத்தம் தெறிச்ச இயேசு சுரூபத்த அப்படியே கண்ணாடிக்குள்ள வச்சிருக்காங்க, போய்ப் பாருங்க. கிறிஸ்தவனுக்கு நம்பிக்கை காயத்துக்குள்ளாலதான் வருது, பெரிய வெள்ளிய விட்டுட்டு நேர உயிர்ப்புக்குத் தாவ ஏலாது.

இன்னொண்டு. மன்னிக்கிறது வேற, உண்மையக் கேக்காம விடுறது வேற. 2023 ஜனவரியில உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவ, தாக்குதலத் தடுக்காம விட்டதுக்காக 10 கோடி ரூபா நட்டஈடு கட்டச் சொல்லிச்சு, அது பெரிய விசயம்தான், ஆனா இதுக்குப் பின்னால யார் எண்டு குடும்பங்கள் கேக்கிறத அதுக்காக நிப்பாட்ட ஏலுமா? அந்தக் கேள்வியும் செபம்தான் எண்டு நான் நம்புறன்.

அந்த வீடுகளுக்குப் போறவங்க வசனம் சொல்லப் போகாதீங்க, பேரச் சொல்லி அந்தப் பிள்ளையப் பத்திக் கேளுங்க, அவங்க அழுதா அழ விடுங்க. ஆசிரியர் ஐயா, நீங்களும் ஏப்ரல் மட்டும் பார்க்காம மத்த மாசத்திலயும் இடம் குடுங்க, மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில ஞாயிறு பாடசாலைக்குப் போன பிள்ளைகள இழந்த குடும்பங்களையும் சேர்த்து எழுதுங்க.

இப்படிக்கு,
கொட்டாஞ்சேனை வாசகி