டிக்கெட்டை மாற்றிவிடு

அன்பு மகளுக்கு,

புற்றுநோய்க்குக் கீமோ மருந்து ஏற்றும் நாளில் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று டிக்கெட் போட்டிருக்கிறாய். மாற்றிவிடு அம்மா. அன்றைக்கு நான் நன்றாகத்தான் இருப்பேன். வாந்தி வராமலிருக்கத் தரும் ஸ்டீராய்டு ஆளை உசுப்பிவிடும். போன முறை ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து பழைய ரசீதுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன், உன் அம்மாவிடம் திட்டும் வாங்கினேன். அந்த வேகம் இறங்கும்போதுதான் உடம்பு தன் கணக்கைக் காட்டும். மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாறு நாள் வரை எனக்கு ஆள் வேண்டும். அப்போது வா.

அசதியாக இருக்கிறது என்றால், 'நல்லாத் தூங்குங்கப்பா' என்கிறாய். தூங்கி எழுந்தாலும் போகாத அசதி இது. குளித்துவிட்டு உடம்பைத் துவட்டுவதற்குள் (தலையில் துவட்ட ஒன்றுமில்லை, அது ஒரு மிச்சம்) கை ஓய்ந்துவிடுகிறது. கட்டிலில் உட்கார்ந்து சட்டையைப் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

அந்தச் சட்டைதான் என்னைக் காட்டிக்கொடுத்தது. விரல் நுனிகள் மரத்துக் கிடக்கின்றன. பொத்தான் பிடிபட்டதா என்று கண்ணால் பார்த்தால்தான் தெரியும். கழுத்துப் பொத்தான் கண்ணுக்குத் தெரியாதே, அதை உன் அம்மா போட்டுவிடுகிறாள். டாக்டர் கேட்கும்போதெல்லாம் 'நல்லா இருக்கேன்' என்றே சொல்லிவந்தேன். குறை சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்களோ என்று பயம். மூன்றாம் சுற்றில் நர்ஸ், 'பொத்தானை நீங்களேதான் போட்டீங்களா?' என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. டாக்டர் மருந்தின் அளவைக் குறைத்தார். சுற்று ஏற ஏற நரம்பின் பாதிப்பும் ஏறுமாம், கவனிக்காமல் விட்டால் சிலருக்குச் சிகிச்சை முடிந்த பிறகும் போகாதாம். முன்பே வாயைத் திறந்திருக்கலாம்.

அதனால் போனில் 'எப்படி இருக்கீங்க' என்று கேட்காதே, பழக்கதோஷத்தில் பொய் வந்துவிடும். இன்றைக்கு என்ன செய்தேன் என்று கேள். மாடி ஏறினேனா, எத்தனை வாய் சாப்பிட்டேன் என்று கேள். வாய் முழுக்க இரும்புச் சாவியைச் சப்பிய ருசி, அது தனிக் கதை.

இரண்டாவது வாரம், கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் ரத்தத்தில் குறைந்திருக்கும். உனக்குச் சளி, தும்மல் இருந்தால் கிட்டே வராதே, கோபித்துக்கொள்ளவும் வேண்டாம். காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் நடுராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். தெர்மாமீட்டர் தலைமாட்டிலேயே இருக்கிறது. மூன்றாவது வாரம் பழைய அப்பாவாகிவிடுவேன். அப்புறம் 22-ஆம் நாள் மறுபடியும் முதலிலிருந்து.

இதை மூன்று தடவையாக உட்கார்ந்து எழுதினேன். பேனா பிடியில் நிற்காமல் நழுவுகிறது, எழுத்து கோணலாக இருப்பது அதனால்தான். வரும்போது தடிமனான பேனா ஒன்று வாங்கி வா.

அப்பா