வடசென்னையில் குற்றத்தடுப்புத் திட்டங்களின் பலனை அளந்து வெளியிடக் கோரும் மனு

அனுப்புநர்:
மாலை வகுப்பு ஆசிரியை மற்றும் பெற்றோர்,
வியாசர்பாடி, சென்னை – 600 039.

பெறுநர்:
உயர்திரு அரசுச் செயலாளர் அவர்கள்,
உள், மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை,
தலைமைச் செயலகம், சென்னை – 600 009.

பொருள்: வடசென்னையில் அரசுச் செலவில் நடக்கும் குற்றத்தடுப்புத் திட்டங்களின் பலனை ஆய்வு செய்து வெளியிட வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். வியாசர்பாடியில் பதினோரு வருடமாக மாலை வகுப்பு எடுக்கிறேன். என்னிடம் படித்த ஒரு பையன் பத்தொன்பது வயதில் அடிதடி வழக்கில் புழல் சிறைக்குப் போனான். ஜாமீனில் வந்ததும் பார்சல் போடும் வேலையில் சேர்ந்தான். மூன்றாவது மாதம் போலீஸ் வெரிஃபிகேஷன் கேட்டார்கள், வேலை போனது. அடுத்த தீபாவளிக்குள் மறுபடி உள்ளே. இரண்டு கைதும் கணக்கில் ஏறியிருக்கும். நடுவில் அவன் ஒழுங்காக வேலைக்குப் போன மூன்று மாதம் எந்தக் கணக்கிலும் இல்லை.

அரசு கையைக் கட்டிக்கொண்டு இருந்தது என்று நான் சொல்ல மாட்டேன். காவல் சிறார் மன்றங்கள் வெகுகாலமாக இருக்கின்றன. 2022-இல் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிற்பி திட்டம் வந்தது. தவறு செய்து சிறைக்குப் போன இளைஞர்களுக்குப் பறவை திட்டம் வந்தது. பெண்கள் பாதுகாப்புக்கான நிர்பயா நிதியில் பாதுகாப்பான நகரத் திட்டத்துக்குத் தேர்வான எட்டு நகரங்களில் சென்னையும் ஒன்று. ஆனால் எங்கள் காதுக்கு வருவதெல்லாம் எத்தனை கேமரா, எத்தனை கைது, எத்தனை பேர் மீது குண்டாஸ் (குண்டர் தடுப்புச் சட்டம்) என்பதுதான். அது செய்த வேலையின் கணக்கு. குண்டாஸில் ஒருவனை அதிகபட்சம் 12 மாதம் சிறையில் வைக்கலாம். பதின்மூன்றாவது மாதம் அவன் எங்கே, யாரோடு நிற்கிறான் என்பதில்தான் பலன் தெரியும்.

அமெரிக்காவில் சிறுவர்களைச் சிறைக்கு அழைத்துப் போய், கைதிகளை விட்டுப் பயமுறுத்தித் திருத்தப் பார்த்தார்கள். போன சிறுவர்களையும் போகாதவர்களையும் ஒப்பிட்டால், போனவர்களே பிறகு அதிகம் தவறு செய்திருந்தார்கள். கேமராக்களைப் பற்றிய ஆய்வுகளில், வண்டி நிறுத்துமிடங்களில் குற்றம் நன்றாகக் குறைந்திருக்கிறது; வன்முறையில் அப்படித் தெளிவான குறைவு இல்லை. எங்கள் பயமோ வெட்டுக்குத்துதான். நம் நாட்டிலேயே ராஜஸ்தான் காவல் நிலையங்களில் இப்படி ஒப்பிட்டுப் பார்த்து, காவலர்களுக்குக் கொடுத்த பயிற்சி பலன் தந்ததைக் கண்டிருக்கிறார்கள். இங்கேயும் முடியும்.

வழக்கு எண்ணிக்கையை மட்டும் வைத்து அளந்துவிடாதீர்கள். எங்கள் பக்கம் பலர், வழக்குப் பதியாமல் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு மட்டும் தரும் சி.எஸ்.ஆர். ரசீதோடு திரும்புகிறார்கள், பலர் ஸ்டேஷன் படியே ஏறுவதில்லை. நம்பிக்கையான ஓர் இன்ஸ்பெக்டர் வந்தால் புகார் கூடத்தான் செய்யும். குற்றம் கூடிவிட்டது என்று அதைப் படித்தால், தண்டனை அந்த நல்லவருக்கு. வீடு வீடாக வந்து கேளுங்கள்: போன வருடம் உங்களுக்கு என்ன நடந்தது, புகார் கொடுத்தீர்களா, ராத்திரி ஒன்பது மணிக்கு மகளைக் கடைக்கு அனுப்புவீர்களா? ஸ்டான்லி மருத்துவமனைக்கு வெட்டுக்காயத்தோடு வருபவர்கள் எந்தப் பகுதியினர் என்பதையும் பெயர் இல்லாமல் தொகுக்கலாம். பிரிட்டனில் கார்டிஃப் நகரம் இந்த வழியில் வன்முறைக் காயங்களைக் குறைத்தது.

ஆகவே புளியந்தோப்பு, வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, காசிமேடு பகுதிகளில் இந்த ஆய்வை நடத்த வேண்டுகிறேன். திட்டத்தை நடத்தும் காவல்துறையிடமே விடாமல், அரசின் மதிப்பீட்டுத் துறையிடமோ ஒரு பல்கலைக்கழகத்திடமோ கொடுங்கள். திட்டம் நடக்கும் இடத்தை, அதே மாதிரி இருந்தும் திட்டம் வராத இடத்தோடு ஒப்பிடச் சொல்லுங்கள். பறவையில் சேர்ந்தவர்களில் இரண்டு வருடத்துக்குள் திரும்பச் சிறைக்குப் போனவர் எத்தனை பேர், வேலையில் நிலைத்தவர் எத்தனை பேர் என்று தமிழில் வெளியிடுங்கள். பிள்ளைகளின் பெயரோ முகமோ எங்கும் வரக் கூடாது.

அப்புறம் ஒன்று. ஆய்வு என்றாலே, இருக்கும் சிறார் மன்றத்தையும் மூடிவிடுவார்களோ என்று தாய்மார்கள் பயப்படுகிறார்கள். ஒரு திட்டம் சரியில்லை என்று தெரிந்தால், அந்தப் பணம் வடசென்னையிலேயே பலன் தரும் இன்னொன்றுக்குப் போகும் என்று ஆணையிலேயே எழுதித் தாருங்கள்.

ஆய்வுக்கு வருபவர்களை வீடு வீடாக அழைத்துப் போக நாங்கள் தயார். மாலை ஆறு மணிக்கு மேல் வரச் சொல்லுங்கள், வேலைக்குப் போனவர்கள் திரும்பியிருப்பார்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மாலை வகுப்பு ஆசிரியை மற்றும் பெற்றோர்

இடம்: வியாசர்பாடி