அறிவிப்பு எழுதுவதற்கு முன்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. உங்கள் குடியிருப்பில் தட்டம்மை வந்திருக்கிறது, பலகையில் ஒட்ட வேண்டிய அறிவிப்பை நீதான் எழுதுகிறாய் என்றாய். 'வெளியாட்களை உள்ளே விடக்கூடாது' என்பதை முதல் வரியாகப் போடச் சொல்லிச் சங்கத்தில் சிலர் நெருக்குவதாகவும் சொன்னாயே, அந்த வரி வேண்டாம் கண்ணு. ஏன் என்று சொல்கிறேன்.

அப்படிக் கேட்பவர்கள் பொல்லாதவர்கள் இல்லை. கிருமி கண்ணில் படாது. அதனால் பயந்த மனம் கண்ணில் படுவதைப் பிடித்துக்கொள்ளும்: தோலில் ஒரு தடிப்பு, இருமல், பழகாத முகம், வேறு பேச்சு. உளவியலாளர் மார்க் ஷாலர் இதற்கு 'நடத்தைசார் நோயெதிர்ப்பு' என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தார். புகையைக் கண்டு அலறும் கருவி போலத்தான் அது வேலை செய்கிறது. ஒரு நோயாளியைத் தவறவிட்டால் உயிர்ச்சேதம். நலமாக இருப்பவரைச் சந்தேகித்தால் சந்தேகித்தவருக்கு நஷ்டம் கொஞ்சம்தான். ஆகவே வீணாக அலறுவதே அதன் இயல்பு. அந்த வீண் அலறலுக்கு விலை கொடுப்பவர் ஒதுக்கப்பட்டவர்.

ஷாலரும் சக ஆய்வாளர்களும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், சிலருக்குக் கிருமிகளைப் பற்றியும் சிலருக்கு விபத்துகளைப் பற்றியும் படங்கள் காட்டினார்கள். கிருமிப் படம் பார்த்தவர்கள், பழக்கமில்லாத நாடுகளிலிருந்து குடியேறுபவர்களை விடப் பழக்கமான நாட்டவர்களையே கூடுதலாக விரும்பினார்கள். ஆனால் இதை இறுதித் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதே. வான் லீவன், பீட்டர்சன் இருவரும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், நோயின் அறிகுறி தெரிந்தால் மனிதர்கள் சொந்தக் கூட்டத்தாரிடமிருந்தும் அதே அளவு விலகுகிறார்கள் என்று கண்டார்கள். நோயிலிருந்து விலகுவது இயல்பு; 'நோய் அவர்களிடமிருந்துதான் வருகிறது' என்பதை மனிதர்கள் பேசிப் பேசி நிலைநிறுத்துகிறார்கள் என்பதே என் கருத்து. உன் அறிவிப்பும் அந்தப் பேச்சில் ஒரு பங்கு.

1900இல் சான் பிரான்சிஸ்கோவில் பிளேக் வந்தபோது சீனர் குடியிருப்பைச் சுற்றித் தடை போட்டார்கள். தடைக்கோடு நேராகப் போகவில்லை. அந்த எல்லைக்குள்ளேயே சீனர் அல்லாதவர்களின் கட்டடங்களை மட்டும் விட்டுவிட்டு வளைந்து வளைந்து போனது. கிருமிக்கு வீட்டுக்காரரின் இனம் தெரியுமா? அந்த ஆண்டே நீதிமன்றம் தடையை நீக்கியது. அது பாரபட்சமானது என்பதோடு, ஆயிரக்கணக்கானவர்களை ஒரே இடத்தில் அடைத்துவைப்பது நோய் பரவும் ஆபத்தைக் கூட்டும் என்பதையும் நீதிபதி எடுத்துக்காட்டினார். 1907இல் பிளேக் மறுபடி வந்தது. இம்முறை நோயாளிகளில் பெரும்பாலோர் வெள்ளையர்கள். எலிகளை ஒழித்துத்தான் அதை அடக்கினார்கள். யாரைத் தடுப்பது என்று தேடியவர்கள் எலியைப் பார்க்கவில்லை.

ஆட்களைக் குறிவைக்கும் அறிவிப்பால் இன்னொரு கேடும் உண்டு. பழி வரும் என்று தெரிந்தால் காய்ச்சலை மறைப்பார்கள். உனக்குத் தகவல் வராது. 'நாம் உள்ளே இருப்பவர்கள்தானே' என்று மற்றவர்களும் அசட்டையாக இருந்துவிடுவார்கள். தட்டம்மையோ பெரும்பாலும் ஒரே வீட்டில், ஒரே வகுப்பறையில், நெருங்கிப் பழகுபவர்களிடையேதான் தாவும்.

ஆகவே நோய் பரவும் வழியிலிருந்து தொடங்கு. நோயாளி இருமிய அறையில், அவர் வெளியேறிய பிறகும் 2 மணி நேரம் வரை வைரஸ் காற்றில் இருக்கும். தடிப்பு தோன்றுவதற்கு 4 நாள் முன்பிருந்தே, தோன்றிய பின் 4 நாள் வரை அவரிடமிருந்து பரவும். முதல் அறிகுறிகள் கடும் காய்ச்சல், இருமல், மூக்கொழுகல், கண் சிவத்தல். தடிப்பு பிறகுதான் வரும், முகத்தில் தொடங்கிக் கீழே இறங்கும். நோயாளியோடு பழகியவர்கள் 21 நாள் கவனமாக இருக்க வேண்டும். தடுப்பூசி போடாதவர்கள் தொடர்பு ஏற்பட்ட 72 மணி நேரத்துக்குள் போட்டுக்கொண்டால் பாதுகாப்புக் கிடைக்க வாய்ப்புண்டு. கர்ப்பிணிகளும் எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்தவர்களும் இந்தத் தடுப்பூசியைப் போடக்கூடாது, அவர்கள் உடனே மருத்துவரிடம் பேசட்டும். இந்த 72 மணி நேரத்தைத் தடித்த எழுத்தில் போடு. பலரும் தவறவிடுவது அதைத்தான்.

இரண்டு தவணை போட்டிருந்தால் சுமார் 97 சதவீதம் பாதுகாப்பு என்பதையும் பயமூட்டும் வரிக்கு அடுத்த வரியிலேயே எழுது. ஹுவாங் முதலானோர் 2011இல் வெளியிட்ட ஆய்வில், பன்றிக் காய்ச்சல் பரவிய காலத்தில் நோயை நினைவூட்டியபோது, தடுப்பூசி போட்டிருந்தவர்களிடம் குடியேறிகள் மீதான வெறுப்பு போடாதவர்களைவிடக் குறைவாக இருந்தது. தனக்குக் காப்பு இருக்கிறது என்று தெரிந்த மனம் எதிரியைத் தேடி அலைவதில்லை. பயத்தை மட்டும் சொல்லி நிறுத்தினால் அது யார் மேலாவது போய் விழும்.

தொழிலாளர்கள்தான் நோயைக் கொண்டுவந்தார்கள் என்பது போன்ற வதந்தியை மறுக்கிறேன் என்று அதையே தலைப்பாகப் போட்டுவிடாதே. 'தொழிலாளர்களால் பரவவில்லை' என்று எழுதினாலும் படிப்பவர் மனத்தில் தங்குவது 'தொழிலாளர்' என்ற சொல்தான். 'நோய் வந்த எவரிடமிருந்தும், தடுப்பூசி போடாத எவருக்கும் பரவும்' என்று நேராக எழுது. நோயாளியின் வீட்டு எண்ணும் வேண்டாம். அவர்களோடு பழகியவர்களுக்குத் தனித்தனியாகச் சொல்லிவிடு.

கடைசியாக, முடிவு நாள். தேதி இல்லாத அறிவிப்பு நோய் போன பிறகும் சுவரில் இருந்து சந்தேகத்தை வளர்க்கும். கடைசி நோயாளிக்குத் தடிப்பு வந்த நாளிலிருந்து 42 நாள், அதாவது இரண்டு 21 நாள், புதிதாக ஒருவருக்கும் வராவிட்டால் பரவல் முடிந்ததாகக் கொள்வார்கள். அந்தத் தேதியை அறிவிப்பின் அடியில் எழுது. நடுவில் இன்னொருவருக்கு வந்தால் தேதியைத் தள்ளிப் போடு. எழுதியதை ஒட்டுவதற்கு முன் எனக்கு ஒருமுறை அனுப்பு.

அன்புடன்,
அம்மா