பொதிகை ஏறப் போகும் தங்கச்சிக்கு

அன்புள்ள தங்கச்சி,

'நம்ம மேற்கே தெரியுற மலைதானே, பாபநாசம் வழியாவே ஏறிருவேன்' என்று எழுதியிருந்தாய். அந்த நினைப்பை விட்டுவிடு. காரையாற்றுக்கு மேலே களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். அந்த வழியாக மலையேற விடமாட்டார்கள். வழி கேரளத்துப் போனக்காட்டில் தொடங்குகிறது. செங்கோட்டை, ஆரியங்காவு, குளத்தூப்புழை, பாலோடு வழியாக விதுரை போய், அங்கிருந்து மேலே போகணும். ஜனவரியை ஒட்டித்தான் கேரள வனத்துறை ஆன்லைனில் அனுமதி தரும், சட்டென்று தீர்ந்துவிடும். பெண்களுக்கு வழி திறந்தது 2019-இல்தான், நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு.

சங்கப் பாட்டில் இந்த மலை பொதியில். சங்ககால வள்ளல் ஆய் அண்டிரனின் மலை. பௌத்தத்தோடு சேர்த்துப் 'போதி இல்' என்பாரும் உண்டு. எனக்குப் 'பொது இல்' என்று பிரிப்பதே சரியாகப் படுகிறது, ஊர் கூடும் மன்றத்துக்கும் அதே சொல் வழங்கியிருக்கிறதே. கேரளத்தார் சொல்லும் அகஸ்தியார்கூடம் முனிவர் பெயரால் வந்தது. கயிலாயக் கல்யாணத்தில் வடக்கு தாழ்ந்து தெற்கு உயர, சமன் செய்ய அகத்தியரைச் சிவன் இங்கே அனுப்பினார். பார்க்காமல் விட்ட அந்தக் கல்யாணக் கோலத்தைப் பாபநாசத்தில் காட்டினார் என்பது நம்மூர்த் தலபுராணம்.

முதல் நாள் அதிருமலை முகாம் வரை ஏறக்குறைய 14 கிலோமீட்டர். நடுவில் அட்டையாறு என்றே ஓர் ஓடை உண்டு. பேன்ட் நுனியைச் சாக்ஸுக்குள் சொருகு. அட்டை கடித்தால் பிடித்து இழுக்காதே, வாய்ப்பகுதி உள்ளே நின்று புண்ணாகும். துணியில் உப்பு முடிந்து வைத்திருந்து ஒற்றினால் தானே உதிரும். முட்டிடிச்சான் தேரி என்ற செங்குத்து ஏற்றத்தில் பெயருக்கேற்ப முழங்கால் நெஞ்சைத் தொடும். அங்கே சிறு அடி வை, பேச்சைக் குறை. ஈத்தை என்கிற மெல்லிய மூங்கில் காட்டுக்குள் யானை தீனிக்கு வரும், வழிகாட்டியை முந்தாதே.

உச்சி 1,868 மீட்டர். இரண்டாம் நாள் விடிந்ததும் கிளம்பணும், வெயில் ஏறினால் மேகம் மூடிவிடும். கடைசிப் பாறைகளில் கயிறு கட்டியிருக்கும். மேகம் பட்ட பாறையும் கயிறும் ஈரமாகிவிடும், வழுக்குவது அதனால்தான். ஏறும்போது உடம்பைப் பாறையோடு ஒட்டாமல் சற்று விலக்கி, எடையைக் காலில் வை; கயிறு பிடிமானத்துக்கு மட்டும். இறங்கும்போது பாறையைப் பார்த்தபடி பின்னால் இறங்கு. ஒரு கயிற்றில் ஒருவர்தான். மேலே இருப்பவர் ஆட்டினால் கீழே இருப்பவர் கால் தடுமாறும். தேய்ந்த ஷூவோடு மட்டும் போகாதே.

அன்புடன்,
அண்ணன்