லித்தா ஊர் ஹக்கீமுக்கு ஒரு கடிதம்

டாக்டர் ஜார்ஜ் ஹபாஷ் அவர்களுக்கு,

லித்தா என்ற ஊரை எனக்கு ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். எட்டு வருஷம் படுத்த படுக்கையாய்க் கிடந்த ஐனேயாவைப் பேதுரு எழுப்பிய ஊர். பாலஸ்தீனத்துக்காக ஆயுதம் எடுத்த இயக்கத்தின் தலைவரான உங்கள் சொந்த ஊரும் அதுதான் என்று தெரிந்தது ரொம்ப நாள் கழித்து. நீங்களும் சர்ச்சுக்குப் போய் வளர்ந்த பிள்ளை, கிரேக்க ஆர்த்தடாக்ஸ் குடும்பம்.

1948 ஜூலையில், பெய்ரூட்டில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த நீங்கள் ஊருக்கு வந்திருந்தீர்கள். இஸ்ரேல் படை ஊரைப் பிடித்தது. லித்தாவிலும் பக்கத்து ராம்லேயிலும் இருந்து ஐம்பதாயிரம் பேருக்கு மேல் விரட்டப்பட்டார்கள். லித்தாவைக் காலிசெய்யும் உத்தரவில் கையெழுத்திட்டவர், பின்னாளில் இஸ்ரேல் பிரதமரான இட்ஷாக் ராபின். கொளுத்தும் வெயிலில் தண்ணீர் கிடைக்காமல் வழியிலேயே செத்தவர்கள் பலர். அந்த நாட்களில்தான் உங்கள் அக்காவும் இறந்துபோனார். இதைப் படித்த பிறகு உங்களைத் தீவிரவாதி என்ற ஒரே வார்த்தையில் ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

படிப்பை முடித்து, அம்மானில் நண்பர் வாதி ஹத்தாத்தோடு சேர்ந்து அகதிகளுக்கு வைத்தியம் பார்த்தீர்கள். 'அல் ஹக்கீம்' என்ற பெயர் உங்களோடு ஒட்டிக்கொண்டது. எங்கள் பக்கத்திலும் யுனானி வைத்தியரை ஹக்கீம் என்றுதான் கூப்பிடுவோம். 1967இல் இஸ்ரேலோடு நடந்த போரில் எகிப்து அதிபர் நாசரின் அரபு ஒற்றுமைக் கனவு ஆறே நாளில் நொறுங்கியது. அந்த டிசம்பரில் நீங்கள் தொடங்கிய பாலஸ்தீன விடுதலை மக்கள் முன்னணி பிறந்தது. 1970 செப்டம்பரில் உங்கள் ஆட்கள் மூன்று விமானங்களை ஜோர்டான் பாலைவனத்தில் இறக்கி, பயணிகளை வெளியேற்றிவிட்டு வெடிவைத்துத் தகர்த்தார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது, உண்மைதான். ஆனால் சில நாட்களில் ஜோர்டான் மன்னர் ஹுசைனின் ராணுவம் பாய்ந்தபோது, அகதி முகாம்களில் ஆயிரக்கணக்கில் செத்தவர்கள் உங்கள் சனங்கள்தானே?

நான் எழுத உட்கார்ந்தது அதற்கு அடுத்ததைப் பற்றி.

1972 மே 30. ஹத்தாத் போட்ட திட்டம். ஜப்பானிய செம்படை என்ற இடதுசாரி ஆயுதக் குழுவைச் சேர்ந்த மூன்று பேர் ரோமிலிருந்து இஸ்ரேலின் ஒரு விமான நிலையத்தில் வந்து இறங்கினார்கள். பெட்டி வரும் இடத்தில் மற்றவர்களோடு சேர்ந்து நின்றார்கள். தங்கள் பெட்டி வந்ததும் திறந்து, துப்பாக்கியை எடுத்துச் சுட்டார்கள், குண்டு வீசினார்கள். 26 பேர் செத்தார்கள். அதில் 17 பேர் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து இயேசு நடந்த மண்ணைப் பார்க்க வந்த யாத்ரீகர்கள். உங்கள் இயக்கம் பொறுப்பேற்றது. அந்த விமான நிலையத்தின் பெயர் லோத். லித்தாவை எபிரேயத்தில் அப்படித்தான் சொல்கிறார்கள். அது உங்கள் ஊர், டாக்டர்.

உங்களை அங்கிருந்து துரத்தியவர்களில் அந்த 17 பேரில் ஒருவராவது உண்டா? லித்தாவின் துக்கத்தை நான் மதிக்கிறேன். அதனால்தான் இதை மன்னிக்க முடியவில்லை. பிறகு ஹத்தாத்தோடு முறித்துக்கொண்டீர்கள், வெளிநாட்டுத் தாக்குதல்களை நிறுத்தினீர்கள். 2008இல் அம்மானில் கண்ணை மூடினீர்கள், வீடு திரும்பாமலே.

சில வருஷங்களுக்கு முன் என் அம்மா, சீட்டுப் பிடித்துச் சேர்த்த பணத்தில், சர்ச் குழுவோடு எருசலேம் யாத்திரை போனார். அதே விமான நிலையம். இப்போது பென் குரியன் என்று பெயர். இறங்கியதும் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டார்: "பெட்டி இன்னும் வரலப்பா. பெல்ட்டு பக்கத்துலயே எல்லாரும் நிக்கிறோம்."

லித்தாவில் நின்றுகொண்டிருக்கிறோம் என்று அன்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.